விரால் குடித்த ஒரு வாய்க் காற்று

அந்தக் காலத்தில் மீனுக்கும் வாய் இருந்தது. தின்பதற்கு மட்டுமில்லை, பேசுவதற்கும். ஆனால் எந்த மீனும் அந்த வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டியதில்லை. நீட்ட வேண்டிய தேவையே வரவில்லை. குடிக்கத் தண்ணீர், மூச்சுக்குத் தண்ணீர், வம்பளக்கவும் தண்ணீர். மேலே இருக்கிற காற்று கொக்குக்கும் மனுஷனுக்கும் உள்ளது, நமக்கு எதற்கு என்று அவைபாட்டுக்கு இருந்தன.

போதாக்குறைக்கு ஒரு பயமும் இருந்தது. ஒரு வாய் காற்றைக் குடித்த மீனைத் தண்ணீர் அப்புறம் முழுதாகச் சேர்த்துக்கொள்ளாது என்று தாய்மீன்கள் குஞ்சுகளுக்குச் சொல்லி வைத்திருந்தன. யாரும் குடித்துப் பார்த்ததில்லை. பயந்தவர்கள் எங்கே குடித்துப் பார்ப்பது!

தாழங்குளத்தில் ஒய்யாரி என்று ஒரு விரால் இருந்தாள். பேருக்கு ஏற்ற ஒய்யாரம்தான். கறுத்து மினுங்கும் முதுகும் வளைத்து வளைத்து வீசும் வாலுமாக அவள் வருகிறபோது கெண்டைப் பெண்கள், "வாராடி மகாராணி" என்று வழிவிட்டு நிற்பார்கள். போனபின் கிசுகிசுத்துச் சிரிப்பார்கள். காதில் விழுந்தாலும் ஒய்யாரி கண்டுகொள்ள மாட்டாள். தன்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. அது கொஞ்சம் அதிகம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

ஒரு தை மாதம், கயிறு திரிக்கிற கூட்டம் ஒன்று குளத்தங்கரையில் வந்து இறங்கியது. கூட்டத்துக்குத் தலைவி பேச்சித்தாய். கைக்குழந்தைக்காரி. ஆனால் அவள் ஒரு வார்த்தை சொன்னால் மீசைக்காரர்களும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். கெட்ட சனங்கள் இல்லை, பாவம். விடிந்தால் வேலை, பொழுதடைந்தால் தூக்கம்.

தேங்காய் மட்டையை அந்தப் பக்கம் கதம்பை என்பார்கள். கதம்பையை மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு அழுக வைக்க வேண்டும். அழுகியதைப் பாறையில் வைத்துக் கொட்டாப்புளியால், அதாவது கனத்த மரச் சுத்தியலால், அடித்தால் நார் பிரியும். நாரைத் திரித்தால் கயிறு. ஊறப்போடத் தண்ணீரும் அடிக்கப் பாறையும் தாழங்குளத்தில் பக்கத்துப் பக்கத்திலேயே இருந்தன. வேறென்ன வேண்டும்? வண்டி வண்டியாகக் கதம்பையைக் குளத்தின் கீழ்க்கரையில் தள்ளி, சேற்றையும் கல்லையும் மேலே ஏற்றி அமுக்கினார்கள். முந்தின ஊரில் ஊறியதைக் கையோடு கொண்டுவந்திருந்ததால் அடிக்கிற வேலையும் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

மாசியில் தண்ணீர் கஷாய நிறத்துக்கு வந்தது. பங்குனியில் கறுத்தே போனது. அழுகுகிற கதம்பை தண்ணீரில் இருந்த மூச்சையெல்லாம் உறிஞ்சிக்கொண்டது. நத்தைகள் வாயை மூடிக்கொண்டு அடியில் கிடந்தன. அல்லிக்கொடி வெந்ததுபோல் குழைந்தது. குளிக்க வந்தவர்கள் உடம்பைச் சொறிந்துகொண்டு போனார்கள். குடிதண்ணீருக்கு ஊர்ப் பெண்கள் அடுத்த ஊர்க் கிணற்றுக்கு நடந்தார்கள்.

சத்தம் இருக்கிறதே, அது தனிக் கொடுமை. பாறையின் அடிப்பாகம் குளத்துக்குள் இறங்கியிருந்தது. மேலே டொப்பென்று விழுகிற அடி, பாறை வழியே இறங்கித் தண்ணீர் முழுக்க அதிரும். காதைப் பொத்திக்கொள்ள மீனுக்குக் கையா இருக்கிறது? விடிந்ததிலிருந்து பொழுதடைகிறவரை டொப்பு டொப்பு, டொப்பு டொப்பு.

மூச்சுக்குத் தவித்த மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்தன. அங்கேதான் கொஞ்சம் நல்ல தண்ணீர் இருந்தது. வாயை வெளியே நீட்டப் பயந்து, தண்ணீரின் தோலுக்குக் கீழேயே கூட்டம் கூட்டமாக வாயைத் திறந்து திறந்து மூடின. அதைக் கரையிலிருந்து பார்த்தான் மாடக்கண்ணு, பேச்சித்தாயின் கொழுந்தன்.

"மைனி, மைனி! இங்கன வந்து பாருங்க! நம்ம அடிக்கு மீனு தலையாட்டுது!"

பேச்சித்தாய் எட்டிப் பார்த்தாள். ஆமாம், ஆடத்தான் செய்தன. அவளுக்கு மனசு பூரித்துப்போனது. நாள் முழுக்கக் கதம்பை அடிக்கிற சனத்தை எந்த ஊரில் யார் பாராட்டினார்கள்? இந்தக் குளத்து மீனாவது மெச்சுகிறதே! அன்றிலிருந்து தாளம் போட்டு அடித்தார்கள். ஒரு கொட்டாப்புளி விழுந்த இடத்தில் இரண்டு விழுந்தது. மீன்கள் இன்னும் தவித்தன. இவர்கள் இன்னும் ஓங்கி அடித்தார்கள். இப்படி ஒரு தப்பைக் கதம்பை அடிக்கிறவர்களைத் தவிர வேறு யாராலும் செய்திருக்க முடியாது.

சித்திரையில் ஒய்யாரிக்குக் குஞ்சு பொரித்தது. ஆயிரத்துக்கு மேலே இருக்கும், செக்கச்செவேலென்று. மேற்கு மூலையில் கோரைக்கு நடுவே தண்ணீர் இன்னும் தெளிவாக இருந்தது. அங்கேதான் அவளும் அவள் புருஷன் கரியானும் குஞ்சுகளைக் காத்தார்கள். அவை கொஞ்சம் விலகினால் போதும், ஒய்யாரி தொண்டைக்குள் 'ம்ம்ம்' என்று ஒரு குரல் கொடுப்பாள். தண்ணீர் மெல்ல நடுங்கும். அத்தனையும் திரும்பி அவள் தாடைக்குக் கீழே வந்து ஒண்டிக்கொள்ளும்.

ஒரு காலை, குஞ்சுகள் விளையாட்டாகக் கீழ்க்கரைப் பக்கம் போய்விட்டன. ஒய்யாரி குரல் கொடுத்தாள். டொப்பு டொப்பு. இன்னும் ஓங்கிக் கொடுத்தாள். டொப்பு டொப்பு. கரியானும் சேர்ந்து கத்திப் பார்த்தான். ஒரு குஞ்சுகூடத் திரும்பவில்லை. கேட்டால்தானே திரும்பும்? இருவரும் கறுப்புத் தண்ணீருக்குள் பாய்ந்து, கிடைத்ததையெல்லாம் முட்டித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாதிதான் வந்தது. மீதி வயிறு மேலே தெரிய மிதந்தது. சிவப்பெல்லாம் போய் வெளிறிக் கிடந்தது.

ஒய்யாரி அழுதாள். தண்ணீருக்குள் அழுதால் தெரியாது என்பார்கள். கரியானுக்குத் தெரிந்தது.

"மிச்சத் தண்ணி போற மறுகால் வழியா வேற குளத்துக்குப் போயிருவோமா?" என்றான் அவன்.

"மறுகாலு காஞ்சு கிடக்கு அத்தான். மிச்சப் புள்ளைகளக் கூட்டிக்கிட்டு மண்ணுலயா நீந்துவோம்? அதுபோக, நாம எதுக்குப் போகணும்? இது நம்ம வீடு. அந்தப் பொம்பளகிட்ட நானே போய்ச் சொல்லுதேன்."

"தண்ணிக்குள்ள இருந்து நீ பேசுனா அவளுக்குக் கேக்குமா?"

"வெளிய போய்ச் சொல்லுதேன்."

கரியான் திடுக்கிட்டான். "காத்தக் குடிச்சா தண்ணி உன்னச் சேத்துக்காது, ஒய்யாரி."

"தெரியும். என் புள்ளைகளச் சேத்துக்கிட்டா போதும். நீங்க ஒண்ணு செய்யுங்க. சத்தம் எப்ப நிக்குதோ, அந்த நிமிஷமே குரல் குடுங்க."

"சத்தம் நிக்குமா?"

"நிக்கும். நான்லா போறேன்!"

கெண்டைகள் இதைக் கேட்டு, "மகாராணிக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்றன. ஒய்யாரி திரும்பிப் பார்த்தாள். "ஏட்டி கெண்டைகளா, சிரிச்சது போதும். நான் வாரவரைக்கும் என் புள்ளைக அந்தப் பக்கம் போகாம மறிச்சு நில்லுங்க." கெண்டைகளுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. கோரை ஓரமாகப் போய் வரிசையாக நின்றன.

ஒய்யாரி பாறைக்கு நேர் கீழே வந்தாள். அடி ஒவ்வொன்றும் அவள் மண்டைக்குள் இறங்கியது. தண்ணீரின் தோலுக்குக் கீழே நின்று கூப்பிட்டாள். "ஏ, இந்தா இன்னொண்ணு ஆட வந்திருச்சு!" என்று மாடக்கண்ணு உற்சாகமாக இன்னும் நாலு அடி போட்டான். இனி வேறு வழியில்லை. தலையை வெளியே நீட்டினாள். வாயைத் திறந்தாள். ஒரு வாய் காற்றைக் குடித்தாள்.

நெஞ்சு எரிந்தது. எரிந்து அடங்கியதும் உடம்புக்குள் புதிதாக ஒரு பலம் வந்தது. வாலை ஒரு சுழற்றுச் சுழற்றித் துள்ளி, பாறைமேல், பேச்சித்தாய் அடித்துக்கொண்டிருந்த கதம்பைக்கு மேலேயே போய் விழுந்தாள்.

ஓங்கிய கொட்டாப்புளி அந்தரத்தில் நின்றது.

"நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க!" என்று கத்தினாள் பேச்சித்தாய். ஒவ்வொன்றாக எல்லாக் கொட்டாப்புளியும் நின்றது. மூன்று மாதத்தில் முதல் தடவையாகப் பகல் நேரத்தில் தாழங்குளம் அமைதியானது.

அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது. பூவரச மரத்தில் கட்டியிருந்த தொட்டிலிலிருந்து குழந்தையின் அழுகை. அழுகைகூட இல்லை, அழுது அழுது தொண்டை கட்டிப்போன முனகல்.

பேச்சித்தாய் கொட்டாப்புளியைப் போட்டுவிட்டு ஓடினாள். பிள்ளையின் கழுத்திலும் கையிலும் கட்டெறும்பு. தட்டிவிட்டு வாரியெடுத்து மாரோடு அணைத்தாள். "எம்புட்டு நேரமா அழுதியோ என் ராசா, எனக்குக் கேக்கலையே, பாவி எனக்குக் கேக்கலையே" என்று புலம்பியபடி பாறைக்குத் திரும்பி வந்தாள்.

கதம்பைமேல் கிடந்த ஒய்யாரி சொன்னாள்: "நானும் அதச் சொல்லத்தான் வந்தேன், தாயி. நான் கூப்பிட்டது என் புள்ளைகளுக்குக் கேக்கல. காலையில பாதி செத்துப்போச்சு."

பேச்சித்தாய் திகைத்து நின்றாள். "நீங்க எங்க அடிக்கு ஆடத்தான மேல வாரிய?"

"ஆடுதோமா! உங்க வீட்டுக்குள்ள பொகையப் போட்டுக் கதவச் சாத்திட்டு, நீங்க சன்னல்ல மூஞ்சிய நீட்டினா, ஆடுதாங்கன்னு நான் சொல்லுவனா? மூச்சு முட்டி வாயப் பொளக்கோம் தாயி."

பேச்சித்தாயின் முகம் செத்துப்போனது. மாடக்கண்ணுதான் முன்னால் வந்தான். "மீனு சொல்லுதுன்னு நாம பொழப்ப விட்டுட்டுப் போகவா, மைனி?"

"பொழப்ப யாரு விடச் சொன்னா?" என்றாள் ஒய்யாரி. "நல்லா கயிறு திரிங்க. என் வீட்டுல அழுக வைக்காதீங்க, என் தலைமேல அடிக்காதீங்க. நான் சொல்லுதது பொய்யின்னா, அண்ணாச்சி, இந்தத் தண்ணிய ஒரு கை அள்ளிக் குடிங்க பாப்போம்."

இதென்ன பெரிய காரியம் என்று மாடக்கண்ணு குனிந்து அள்ளினான். மூக்குக்குக் கிட்டே கொண்டு போனான். எல்லாரும் அவனையே பார்த்தார்கள். வாய்வரை போன கை அப்படியே நின்றது. விரலிடுக்கில் கறுப்பாகச் சொட்டி முடிந்ததும், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போது மேற்கு மூலையில் தண்ணீர் மெல்ல நடுங்கியது. கரியான் குரல் கொடுத்துக்கொண்டிருந்தான். பயந்து கோரைக்குள் சிதறிக் கிடந்த குஞ்சுகள் ஒவ்வொன்றாக வந்து கூடின. கொஞ்ச நேரத்தில் தண்ணீர்மேல் ஒரு பாய் அகலத்துக்குச் சிவப்பு விரிந்தது.

பேச்சித்தாய் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோளில் கிடந்த பிள்ளை விம்மி விம்மித் தூங்கியிருந்தது. "குளத்துக்குள்ள இறங்குங்க," என்றாள் தன் ஆட்களிடம். "ஒரு கதம்பை மிச்சமில்லாம வெளிய எடுங்க. கரைக்கு அந்தப் பக்கம் தாழ்வுல குழி வெட்டி, களிமண் பூசி அதுல ஊறப்போடுவோம். ஒரு சொட்டு இங்கன திரும்பி வரக்கூடாது. அடிக்கிறது தோப்புக்குள்ள, மண்தரையில கட்டை போட்டு. இந்தச் சிவப்பு தண்ணிமேல தெரியுத மட்டும் கொட்டாப்புளியவே தொடக்கூடாது. கயிறு திரிச்சுக்கிட்டு இருப்போம், அதுக்கு ஒரு சத்தமும் இல்ல."

"குழி வெட்டணும்னா பெண்டு நிமிந்துருமே மைனி," என்று மாடக்கண்ணு முணுமுணுத்தான். ஆனால் முதலில் தண்ணீரில் இறங்கியவனும் அவன்தான்.

பேச்சித்தாய் ஒய்யாரியை இரண்டு கையாலும் ஏந்தி, தெளிந்த பக்கமாகப் பார்த்து விட்டாள். "தப்பு பண்ணிட்டோம், ஆத்தா," என்றாள். ஒய்யாரி வாலை ஒரு வீசு வீசிவிட்டுப் போனாள். அப்போதும் ஒய்யாரம்தான்!

வீட்டுக்கு வந்தவள் பழையபடி தண்ணீரை மூச்சாக இழுத்துப் பார்த்தாள். போதவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். நெஞ்சு அடைத்தது. தாய்மீன்கள் சொன்னது பொய்யில்லை. மேலே ஏறி ஒரு வாய் காற்றைக் குடித்தபிறகுதான் கண் தெளிந்தது. இனி சாகிறவரைக்கும் இப்படித்தான், மேலே வர விடாமல் யாராவது வலையைப் போட்டு அமுக்கினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிப் போய்விடுவோம் என்று அவளுக்குப் புரிந்தது.

கரியான் அவளைப் பார்த்தான். அவனும் விறுவிறுவென்று மேலே போய் ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு வந்து நின்றான்.

"உங்களுக்கென்ன கிறுக்கா? நீங்க எதுக்குக் குடிச்சிய?" என்று பதறினாள் ஒய்யாரி.

"நீ மட்டும் தனியா ஏறி எறங்குவியாக்கும்?" என்றான் அவன்.

கோடை மழை இரண்டு பெய்து, குளம் நிறைந்து மறுகால் போனது. கறுப்பெல்லாம் கழிந்தது. அல்லி திரும்பத் தழைத்தது. ஊர்ப் பெண்கள் குடத்தோடு திரும்பி வந்தார்கள். கெண்டைக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! "தண்ணிக்குள்ள முங்கிச் சாகப்போற மீனு நீயும் உன் புருஷனும்தான்டி, மகாராணி," என்றாள் ஒருத்தி. "இருக்கட்டும்ட்டி," என்றாள் ஒய்யாரி, "மேல போய்ப் பாத்துட்டு வர இந்தக் குளத்துல ஒரு ஆளு வேணும்லா?"

தாழங்குளத்துக் கயிற்றுக்காரர்கள் தண்ணீர்மேல் சிவப்பைக் கண்டால் கொட்டாப்புளியைக் கீழே வைப்பது அன்று தொடங்கிய வழக்கம். தாயையும் தகப்பனையும் பார்த்து ஒய்யாரியின் பிள்ளைகளும் காற்றைக் குடித்துப் பழகிவிட்டன. விரால் எவ்வளவு நல்ல தண்ணீரில் இருந்தாலும், கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுப் போகிறதே, அதுவும் அன்று முதல்தான். வருகிற கையோடு தண்ணீர் கறுத்திருக்கிறதா, கரையில் சத்தம் கேட்கிறதா என்று ஒரு பார்வை பார்க்கும். இல்லையென்று தெரிந்தபிறகுதான் கீழே இறங்கிப் பிள்ளைகளைக் கூப்பிடும்.