கம்பித்தட்டுக்கு என்ன அர்த்தம்

மடத்தில் கறியா என்று யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். அது மலைமேல் இருக்கிற கருப்பன் கோயில் மடம். கிடா வெட்டு நடந்தால் மடத்துக்கு ஒரு பங்கு வந்தே தீரும். கீழ்நாட்டில் என்றால் உப்பும் மஞ்சளும் தடவி, வெயிலில் காயவைத்து உப்புக்கண்டம் ஆக்கிவிடுவார்கள். அந்த மலையில் ஐப்பசி, கார்த்திகையில் வெயிலுக்கு எங்கே போவது? அதனால் கொட்டிலில் தணல் போட்டு, கம்பித்தட்டுகளில் கறியைப் பரப்பி, புகையிலேயே வாட்டி எடுப்பார்கள். மலையேறி வருகிறவர்களுக்குக் கஞ்சியோடு ஆளுக்கொரு துண்டு கிடைக்கும்.

தின்கிறவனுக்கு அது அமிர்தம்தான். கழுவுகிறவன் பாடு கழுவுகிறவனுக்குத்தான் தெரியும்.

ராக்கியண்ணன் ஒரு வருஷமாகக் கழுவிக்கொண்டிருந்தார். கம்பிகளில் கறி தீய்ந்து ஒட்டியிருக்கும். கொழுப்பு ஒழுக அடியில் வைத்த தகரத் தட்டுகளில் அது மெழுகாக உறைந்து கிடக்கும். வெந்நீர் ஊற்றினால் இளகும். ஆறினால் மறுபடி கையிலேயே உறையும். சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. சோற்றை வாயருகே கொண்டுபோனால் விரலில் புகை நாற்றம். ஐம்பது வயதுக்கு மேல் இதெல்லாம் தேவையா என்று தினமும் நினைப்பார். நினைத்துவிட்டு அடுத்த தட்டை எடுப்பார்.

வந்த அன்று அவர் மடத்துச் சாமியாரைக் கும்பிட்டு நின்று, "சாமி, எனக்கு ஞானம் வேணும்" என்றார். சாமிக்கும் கிட்டத்தட்ட அவர் வயதுதான். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அந்தத் தட்டையெல்லாம் கழுவிடுறியா?" என்றார்.

அவ்வளவுதான், ராக்கியண்ணன் புரிந்துகொண்டுவிட்டார். தட்டு என்பது மனசு, கொழுப்பு என்பது ஆசை, இல்லாவிட்டால் அந்த மாதிரி வேறு ஏதோ ஒன்று. சாமி சும்மா சொல்வாரா?

"கொழுப்பு போனாப் போதும், கம்பியில இருக்கிற கறுப்பை விட்டுடு" என்று சாமி முதல் வாரமே சொன்னார். இவர் கேட்கிற ஆளா? நம்மைச் சோதிக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, செங்கல் தூளைப் போட்டுக் கம்பியை வெள்ளை வெளேரென்று ஆக்கிவிட்டார். மழை ஈரத்தில் கம்பி துருப்பிடித்து, அந்த முறை கறி முழுக்கத் துரு வாடை. மடத்து நாய்கூட யோசித்துத்தான் வாய் வைத்தது. சாமி திட்டவில்லை. திட்டாததற்கும் ராக்கியண்ணன் ஒரு அர்த்தம் வைத்திருந்தார்.

தினமும் சாயங்காலம் போய்க் கேட்பார்.

"சாமி, இதுக்கு என்ன அர்த்தம்?"

"எதுக்கு?"

"தட்டுக்கு."

சாமி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "போய்ச் சாப்பிடு" என்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் மத்தியானம் பாவாயி பஸ்ஸில் வந்து இறங்கினாள். ராக்கியண்ணனின் மனைவி. அடிவாரத்தில் அவர்களுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. புருஷன் ஞானம் தேடிக் கிளம்பிய நாளிலிருந்து அவள் ஒருத்தியாகத்தான் அதை இழுத்துக்கொண்டு போனாள்.

கொட்டில் வாசலில், தட்டுக் குவியலுக்கு முன்னால் குந்தியிருந்தவரைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"ஏனுங்க, இந்த வேலையை நம்ம கடையிலயே செஞ்சிருக்கலாமே."

"உனக்குப் புரியாது. இது வேற."

"என்ன வேற?"

"அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

பாவாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு முடியலைங்க. சாயங்கால பஸ்ஸுல நான் கீழ போறேன். கூட வந்தீங்கன்னா கடை நடக்கும். வராட்டி நாளைக்கே கடையைப் பூட்டிட்டு மக வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் நீங்களா வந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

சண்டை போட்டிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் குரலை உயர்த்தவே இல்லை. அவர் அவசரமாக அடுத்த தட்டை இழுத்துக்கொண்டார்.

"பஸ் வர்றதுக்குள்ள சாமிகிட்ட கேட்டு முடிச்சுடறேன். ஒரு வருஷம் வீணாப் போகக்கூடாதில்ல?"

அந்த நேரத்தில் சாமியே வெந்நீர்த் தவலையை இடுப்போடு அணைத்துக்கொண்டு வந்தார். பாவாயி முன்னால் போய் அதை வாங்கி இறக்கினாள்.

"கையில என்னங்க சாமி, இப்படி வீங்கியிருக்கு?"

"ரொம்ப நாளா இப்படித்தாம்மா. விரல் மடங்கறதில்லை. பச்சைத் தண்ணி பட்டா உயிர் போகுது."

"இதை வெச்சுக்கிட்டு எப்படித் தட்டுக் கழுவறீங்க?"

"நான் எங்க கழுவறேன்? அதுக்குத்தானே இவரைக் கழுவச் சொன்னேன்."

தேய்த்துக்கொண்டிருந்த ராக்கியண்ணனின் கை நின்றுவிட்டது.

"அப்ப தட்டுக்கு?"

"தட்டுக்கு என்ன?"

"அர்த்தம், சாமி."

"கழுவாட்டி அடுத்த கறியில சிக்கு வாடை வரும்."

அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. கடையை விட்டு, கட்டினவளை விட்டு, குளிரில் ஒரு வருஷம் முழங்கை வரைக்கும் கொழுப்பில் கிடந்ததெல்லாம் இதற்குத்தானா?

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, சாமி?"

"நீ தினமும் வந்து அர்த்தம் கேட்ட. எனக்கே தெரியாததை எப்படிச் சொல்றது? ஏன் நீங்க கழுவறதில்லைன்னு கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே."

ராக்கியண்ணன் அந்தக் கையைப் பார்த்தார். தினமும் அவருக்குக் கஞ்சி ஊற்றிய கை அது. கணுக்கணுவாக வீங்கி, அகப்பையைக்கூடச் சரியாகப் பிடிக்க முடியாமல் இருந்திருக்கிறது. கஞ்சியை வாங்கிக் குடித்தாரே தவிர, கையை ஒரு நாளும் பார்த்ததில்லை. கோபம் போய் வெட்கமாக இருந்தது.

இதற்குள் பாவாயி சும்மா இருக்க மாட்டாமல் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு உட்காரப் பார்த்தாள். நேராக உட்கார வரவில்லை. தரையில் கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு காலை நீட்டியபடியே மெல்ல இறங்கினாள். சேலைக்கு மேலேயே முட்டியில் ஒரு துணிக்கட்டு.

"முட்டிக்கு என்ன?" என்று கேட்டார்.

"தை மாசத்திலிருந்து வலிங்க."

"சொல்லவே இல்லையே."

"யாருகிட்டச் சொல்றது?"

அவர் அவள் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார். மீதி இருந்ததையெல்லாம் தேய்த்து, அலசி, கம்பிகளுக்கு எண்ணெய் தடவிக் கொடியில் மாட்டினார். களைப்பு அப்படியேதான் இருந்தது.

வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. ராக்கியண்ணன் கையைக் கழுவிக்கொண்டு பையை எடுத்தார். பாவாயி பாதை ஓரத்தில் போய் நின்றுகொண்டாள். அவர் நாலடி நடந்தவர் திரும்பி வந்தார்.

"சாமி, நான் போயிட்டா இதையெல்லாம் யாரு கழுவுவாங்க?"

சாமி கொடியில் தொங்கிய தட்டுகளைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"ஒரு வருஷத்துல இன்னிக்குத்தான் ஒரு கேள்வி கேட்டிருக்கே" என்றார். "கிளம்பு. அந்தக் காலோட அந்தம்மா எவ்வளவு நேரம் நிக்கும்?"