முக்குளிப்பானுக்கு எத்தனை நொடி

குருவம்மாவுக்குச் சீடர்கள் மொத்தம் பதினோரு பேர். அவர்களில் நேரம் தவறாமல் வருகிற ஒரே ஆள் செங்கோடன். பத்தரை மணிக்கு வரச் சொன்னால் பத்து இருபத்தெட்டுக்கே வந்து, வாசலில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு உள்ளே நுழைகிற ரகம்.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் அவருக்கு வேலை. ஒரு மோட்டாரை மாட்ட எத்தனை நிமிடம், ஒரு திருகை முடுக்க எத்தனை நொடி என்று ஆட்களின் பக்கத்தில் நின்று அளந்து எழுத வேண்டும். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். ஆள் பரம சாது. ஆனால் அந்த வாட்சைக் கையில் எடுத்துவிட்டால் சுற்றியிருக்கிறவர்கள் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி ஓடவேண்டியதுதான்.

குருவம்மா அவரைவிட ஏழு வயது இளையவர். முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இப்போது பேரூரில் ஓர் ஓட்டு வீட்டில் இருந்துகொண்டு, வருகிறவர்களுக்குச் சும்மா உட்காரக் கற்றுக்கொடுக்கிறார். யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்கு முன்னால் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார். வேலை முடிவதற்குள் பாதிப் பேருக்குக் கேள்வியே மறந்துபோகும்.

அது மார்கழி மாதத்து ஒரு சனிக்கிழமை காலை. செங்கோடன் உள்ளே வந்தார். குருவம்மா அவர் முன்னால் ஊறவைத்த மொச்சையை ஒரு சட்டி நிறைய நகர்த்தி வைத்தார்.

“பிதுக்கிக்கிட்டே சொல்லுங்கண்ணா. முகம் ஏன் இப்படி வாடிக் கெடக்குது?”

“எனக்கு நாளைக்கு ஒரு நாள்தானுங்க இருக்குது, குருவம்மா.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமையானா புள்ளைய அவ மாமன் ஊட்டுக்குக் கூட்டீட்டுப் போயிருவேன்னு வளர்மதி சொல்லிப்போட்டா.”

வளர்மதி அவர் மனைவி. பிள்ளை என்றது ஒரே மகள் கனிஷ்காவை. ஒன்பது வயது. வாரம் முழுக்க செங்கோடனுக்கு இரண்டாம் ஷிப்ட். அவர் வீட்டுக்கு வரும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். அவர் எழுந்திருக்கும்போது பள்ளிக்கூடம் போயிருப்பாள். அப்பனும் மகளும் முகம் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான். அதுவும் போய்விட்டால் வீட்டுச் சுவரில் மாட்டின போட்டோவுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?

“எதுக்கு அப்படிச் சொன்னாங்க?”

செங்கோடன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். கோடு போட்டு, கட்டம் கட்டி எழுதியிருந்தது.

“நீங்களே பாருங்க. குளிர்காலம். ஊரே அழகா இருக்குது. எல்லாம் செலவில்லாத இடம். காலையில குளத்துல பறவை, இருபத்தஞ்சு நிமிஷம். ரேஸ் கோர்ஸ்ல நடை, முப்பது. காந்தி பார்க்ல ஊஞ்சல், பத்து. புத்தகக் கடையில வாங்காம படக்கதை பாக்கறது, இருபது. அப்புறம் மருதமலைப் படி. திரும்பி வந்து கோயில்ல பொங்கல் பிரசாதம். ஒரே நாள்ல ஆறு இடம்! எந்த அப்பன் கூட்டீட்டுப் போவான்?”

“நெசந்தான். எந்த அப்பனும் போகமாட்டான்.”

செங்கோடன் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

“போன வாரம் குளத்துல ஒரு கூழைக்கடா உக்காந்திருந்துச்சுங்க. அது வாயத் தொறந்தா பைமாதிரி தொங்குமாமா. புள்ள அதப் பாக்கோணும்னு கண்ணு கொட்டாம நின்னா. இருபத்தஞ்சு நிமிஷம் ஆயிப்போச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கையப் புடிச்சு இழுத்தேன். இருங்கப்பா, தொறக்கப் போகுதுன்னா. நாங்க அந்தப் பக்கம் திரும்பறோம், பின்னால இருந்தவங்கல்லாம் ‘ஆஹா’ன்னு கத்தறாங்க.”

“தொறந்திருச்சா?”

“தொறந்து மூடீருச்சுங்க. பஸ்ஸுல ஏறினதுல இருந்து அழுகை. இனி அப்பாகூட வரமாட்டேன்னு சொல்லிட்டா. நாளைக்கும் அழுதா அதோட முடிஞ்சுதுன்னு வளர்மதி சொல்றா.” செங்கோடன் இன்னும் வேகமாகப் பிதுக்கினார். “எந்த இடத்த மாத்தோணும்னு நீங்கதான் சொல்லோணும்.”

குருவம்மா தாளைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்தார்.

“எத்தனை பிதுக்குனீங்க?”

“நிமிஷத்துக்கு நாப்பத்தி ரெண்டுங்க.” பட்டென்று பதில் வந்தது.

“தரையில பாருங்க.”

பார்த்தார். பருப்பெல்லாம் தரையில் தெறித்துக் கிடந்தது. சட்டியில் தோல் மட்டும் பத்திரமாக இருந்தது.

குருவம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி மடித்தார்.

“நாளைக்கு நானும் வர்றேன். உப்புக்குச் சப்பாணி மாதிரி கூட வர்றேன். கேள்விக்குப் பதில அங்க பாத்துக்கலாம்.”

மறுநாள் காலை செல்வபுரம் பஸ் நிறுத்தத்தில் செங்கோடனும் வளர்மதியும் மகளும் நின்றார்கள். குளிர் காதைக் கடித்தது. கனிஷ்கா குல்லாவை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு அப்பாவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். வளர்மதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார். பேரூரிலிருந்து வந்த பஸ்ஸில் குருவம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சாப்பாட்டுத் தூக்குப் போசி.

மூன்று பேரும் ஏறியதும் குருவம்மா தாளை எடுத்துக் கனிஷ்காவிடம் நீட்டினார்.

“அம்மிணி, இன்னைக்கு நீதான் மேஸ்திரி. இதுல இருக்கறதப் பாத்து எங்க மூணு பேரையும் மேய்ச்சிக் கொண்டு போ.”

கனிஷ்கா குல்லாவை மேலே தள்ளினாள். தாளை மேலிருந்து கீழே வரை படித்தாள். பிறகு அப்பாவின் கழுத்தைப் பார்த்தாள்.

“வாட்ச்சும் வேணும்.”

செங்கோடன் குருவம்மாவைப் பார்த்தார். குருவம்மா வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை. பத்து வருடமாகக் கழுத்திலிருந்து இறங்காத வாட்சை, தாலியைக் கழற்றுவதுபோலக் கழற்றிக் கொடுத்தார். வளர்மதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

உக்கடம் பெரிய குளத்தில் பனி இன்னும் விலகவில்லை. கரைமேல் குல்லா போட்டவர்கள் கையை வீசி நடந்துகொண்டிருந்தார்கள். கனிஷ்கா வாட்சை அழுத்தினாள்.

“பறவை. இருபத்தஞ்சு நிமிஷம். எல்லாரும் பாருங்க. யாரும் பேசக்கூடாது.”

அதே மிரட்டல். அப்பன் மகள் என்று எழுதி ஒட்டத் தேவையில்லை.

செங்கோடன் கரையோரக் கல்லில் உட்கார்ந்தார். கை தானாகக் கழுத்துக்குப் போய்த் திரும்பியது. மணி பார்க்க முடியாது. பேச முடியாது. கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து இப்படிச் சும்மா அவர் உட்கார்ந்ததில்லை. குருவம்மா வீட்டில்கூட மனதுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருப்பார். கூழைக்கடா எங்கே என்று தேடினார். அது தலையை இறக்கைக்குள் செருகிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

அப்போது பத்தடி தூரத்தில் பழுப்பு நிறத்தில், கையளவுக் குஞ்சு மாதிரி ஒன்று தண்ணீரில் மிதந்து வந்தது. அவரைப் பார்த்தது. டப்பென்று முழுகிவிட்டது.

“ஐயோ!” என்று எழுந்துவிட்டார்.

“முக்குளிப்பானுங்கண்ணா,” என்றார் குருவம்மா, வேகவைத்த நிலக்கடலையை உரித்துக்கொண்டே. “அதும் பொழப்பே அதுதான்.”

செங்கோடனுக்கு வாய் தானாக முணுமுணுத்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு... பதினாலில் அது எங்கோ இடதுபக்கம் தலையை நீட்டியது. உதறிக்கொண்டது. மறுபடியும் டப்.

“இப்ப அந்தப் பக்கம் வரும் பாரு,” என்றார் வளர்மதியிடம்.

“எங்க, அந்தக் கோரைக்குப் பக்கத்துலதான் வரும்.”

இரண்டும் இல்லை. நட்டநடுவில் வந்தது. செங்கோடன் வாய்விட்டுச் சிரித்தார். நடந்துகொண்டிருந்த இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அவர் கவனிக்கவில்லை. மூன்றாவது முக்கு, நான்காவது முக்கு. ஒவ்வொரு தடவையும் அவர் கை நீட்டிய இடத்தைத் தவிர எல்லா இடத்திலும் அது வந்தது. ஸ்டாப்வாட்சை ஏமாற்றத் தெரிந்த ஆட்களை அவர் பார்த்திருக்கிறார். இப்படி ஓர் ஏமாற்றுக்காரனை அவர் பார்த்ததே இல்லை. ஐந்தாவது தடவை அது உள்ளே போனபோது கல்லிலிருந்து இறங்கித் தண்ணீருக்குக் கிட்டேயே போய்விட்டார்.

“நேரம் முடிஞ்சுது,” என்றாள் கனிஷ்கா. “ரேஸ் கோர்ஸ் போகோணும். வாங்க.”

“இரு கண்ணு. உள்ள போயிருக்குது. வெளிய வரட்டும்.”

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

அவருக்குச் சுருக்கென்றது. வெட்கமாக இருந்தது. போன வாரம் இதே கரையில் தன் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளப் பார்த்த அந்தச் சின்னக் கை ஞாபகம் வந்தது. தண்ணீரை ஒரு தடவை பார்த்தார். பிறகு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரையேறினார்.

“சரி கண்ணு. போலாம்.”

கனிஷ்கா நகரவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாதியில் திரும்புகிறவர் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

“எத்தனையாவது நொடிப்பா?”

“விட்டுட்டேன் கண்ணு.”

“பத்தொம்பது. இருபது.” அவள் வாட்சைத் திருப்பிக் காட்டினாள். “நான் முதல்ல இருந்தே அதையுந்தான் எடுத்துக்கிட்டு இருக்கேன். திரும்பிப் பாருங்க, வந்துரும்!”

திரும்பினார். கோரைக்குப் பக்கத்தில் தண்ணீர் விலகியது. சின்னத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. அலகில் ஒரு மீன் மின்னியது.

“இருபத்தி மூணு!” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். முக்குளிப்பான் பயந்துபோய் மறுபடியும் உள்ளே போனது.

“கோரைக்குப் பக்கத்துலன்னு நாந்தான் மொதல்லயே சொன்னேன்,” என்றார் வளர்மதி. யாரும் காதில் வாங்கவில்லை.

அப்பனும் மகளும் ஒரே கல்லில் ஒண்டி உட்கார்ந்தார்கள். அவர் இடம் சொன்னார். அவள் நொடி சொன்னாள். சிறிது நேரம் கழித்துச் செங்கோடன் மெதுவாகச் சொன்னார்:

“போன வாரம் அப்பா தப்புப் பண்ணிப்போட்டேன் கண்ணு.”

“தெரியும். உஷ், இப்ப எண்ணுங்க.”

பனி விலகி வெயில் இதமாக முதுகில் ஏறியது. தூக்குப் போசியில் இட்லியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும் இருந்தன. பருப்பு கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது; காரணத்தைக் குருவம்மா யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு அவர் குடையை விரித்து முகத்தின்மேல் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். பிறகு வளர்மதிக்கும் ஆட்டம் தொற்றிக்கொண்டது. தோற்றவர் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும் என்று கனிஷ்கா சட்டம் போட்டாள். பம்ப்செட் கம்பெனி செங்கோடன் பெரிய குளத்துக் கரையில் ஏழு தடவை ஒற்றைக்காலில் நின்றார். கூழைக்கடா கடைசிவரை கண்ணே திறக்கவில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

திரும்பும்போது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கனிஷ்கா அப்பாவின் தோளில் சாய்ந்தாள். இரண்டு நிறுத்தம் போவதற்குள் வாயைப் பிளந்து தூங்கிப்போனாள்.

செல்வபுரம் வந்தது. வளர்மதி எழுந்தார். செங்கோடன் எழவில்லை. உட்கார் என்று கையால் சைகை காட்டினார். வளர்மதி அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். அந்த மனுஷன் ஒரு நிறுத்தத்தைத் தவறவிட்டு இதுவரை அவர் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே மறுபடியும் உட்கார்ந்தார். பஸ் பேரூரை நோக்கிப் போனது.

செங்கோடன் தோளை அசைக்காமல், கழுத்தை மட்டும் பின்சீட்டுப் பக்கம் திருப்பினார்.

“குருவம்மா, அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க கூட்டீட்டுப் போகட்டுமுங்க?”

“என்னைய எதுக்குங்கண்ணா கேக்கறீங்க?” என்றார் குருவம்மா. “உங்களைக் கூட்டீட்டுப் போறவங்க இப்பத் தூங்கறாங்க. முழிச்சதும் கேளுங்க.”