ராசா யாரிடம் திருடினார்?

மருதங்குளம் பாளையத்து ராசாவுக்குக் கூத்து பார்த்து அலுத்துப்போயிற்று. "எல்லா நாயகனும் ஒரே அச்சு! பழைய கதையைத் திருடித் திருடி ஆடுகிறாய். யாரும் கேட்டிராத நாயகனைக் கொண்டு வா. இல்லாவிட்டால் இந்தச் சீமையில் இனி நீ கூத்தாடக் கூடாது" என்று கூத்து வாத்தியார் பொன்னுரங்கத்துக்கு உத்தரவு போட்டார்.

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டும் பொன்னுரங்கத்துக்கு ஒன்றும் வரவில்லை. அவர் மனைவி வெள்ளையம்மா அரண்மனையில் நெல் குத்துபவள். அவளே துணிந்து சபைக்குப் போனாள்.

"எசமான், ஒரு ராசகுமாரன். கைக்குழந்தையா இருக்கும்போதே தகப்பன் செத்துப்போனான். சித்தப்பன் நாட்டைப் பிடுங்கிக்கிட்டான். பிள்ளை வேத்தூர்ல ஒளிஞ்சு வளர்ந்து, ஆள் திரட்டிக்கிட்டுத் திரும்பி வந்து..."

"நிறுத்து!" என்று ராசா சிரித்தார். "இதை ஆயிரம் தடவை கேட்டாயிற்று. யாரிடம் திருடினாய்?"

"உங்ககிட்டதாங்க. இது எசமான் கதை. நீங்க யார்கிட்ட திருடினீங்க?"

ராசாவின் முகம் சிவந்தது, பிறகு மெல்ல வாடியது.

"அப்படியானால் எனக்கென்று சொந்தமாக ஒன்றுமே இல்லையா?"

"இருக்குதுங்க. ஜெயிச்சு வந்த அன்னைக்கு உங்க அம்மாவுக்கே உங்களை அடையாளம் தெரியலை. நீங்க வாளைக் கீழே போட்டுட்டு, 'பசிக்குதும்மா'ன்னீங்க. நான்தான் ஓடிப்போய்ப் பழையசோறு கொண்டுவந்தேன். அதை எந்தக் கூத்திலேயும் நான் பார்த்ததில்லை."

ராசா பொன்னுரங்கத்தை வரவழைத்தார்.

"பழைய கதையையே ஆடு. அந்தச் சோற்றை மட்டும் விட்டுவிடாதே."