கடைசி ரீலைச் சுற்றாதே

முதலில் உறுமல்தான் கேட்கும். எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில், ஆபரேட்டர் ரூமுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஓடி முடிந்த ரீல்களை மறுபடி முதலிலிருந்து ஓடும்படி திருப்பிச் சுற்றுவது என் வேலை. ஆகவே எல்லாப் படத்தையும் நான் காதால் பார்த்தவன்.

அந்த வாரம் உறுமியது ஓர் இங்கிலீஷ் படம். அணுகுண்டு வெடித்ததில் கடலுக்கடியில் தூக்கம் கலைந்த ராட்சசப் பல்லி ஒன்று பட்டணத்தை மிதிக்கிறது. கடைசி ரீலில் பீரங்கிக்குச் சாகிறது. முதலாளி சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பும்போது, தான் வருவதற்குள் கொட்டகைக்கு ஒரு சேதம் வந்தாலும் மூன்று பேரும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று பேர் என்றால் நான், ஆபரேட்டர் சவரிமுத்து, டிக்கெட் கிழிக்கும் பிச்சையா. அறிவில் மூவரும் சமம். அதனால் எங்களுக்குள் சண்டையே வராது.

ஆட்டம் முடிந்து கடைசி ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஃபிலிமை பல்பு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்த பிச்சையா என் கையைப் பிடித்தான்.

"அண்ணே, சுத்தாதீங்க. செத்தது எந்திரிக்குது."

பார்த்தேன். படுத்திருந்த பல்லி முட்டி போட்டிருந்தது. சவரிமுத்து வந்து, சுற்றியதை அப்படியே பழையபடி சுற்றிச் சாகடிக்கச் சொன்னார். சாகடித்தேன்.

இத்தனை வருஷமாகச் செத்த வில்லன்களையெல்லாம் தினமும் எழுப்பிவிட்டது நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

"மத்த ரீலைச் சுத்து," என்றார் சவரிமுத்து. "இது செத்தபடியே கெடக்கட்டும். கொட்டகைக்கு நல்லது."

மறுநாள், சுற்றாமல் விட்ட கடைசி ரீல் வாலிலிருந்து பின்னோக்கி ஓடியது. செத்தது செத்தபடி இருக்கிறதா என்று பார்க்க மூவரும் உள்ளே போய் நின்றோம். பல்லி தலைகீழாகப் பிணமாகத் தொங்கிற்று. பிறகு கண்ணைத் திறந்தது. எழுந்தது. வாங்கிய குண்டுகளை ஒவ்வொன்றாகப் பீரங்கிக்கே திருப்பிக் கொடுத்தது.

ஜனம் கைதட்டிவிட்டு வாசல் வழியாக வீட்டுக்குப் போனது. கொட்டகையின் பக்கவாட்டுப் படுதாவைக் கிழித்துக்கொண்டு ஓடியது நாங்கள் மூவர்தான்.

முதலாளி வந்தார். கிழிசலுக்கு முன்னால் நின்றார். வேலை போயிற்று என்று நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். சவரிமுத்து கைகட்டி நின்று, பல்லி சுற்றாமலே எழுந்துவிட்டதையும், ஆகவே சுற்றியவன் மேல் தப்பில்லை என்பதையும் விளக்கினார்.

முதலாளி கிழிசலை முழம் போட்டுப் பார்த்தார். வெளியே எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எந்தப் பக்கம் போச்சு?"

மூவரும் மூன்று திசையைக் காட்டினோம். அவர் யோசித்துவிட்டு, நாலாவது திசையில் வீட்டுக்குப் போனார்.

நான் துண்டை ஆணியில் மாட்டிவிட்டு, முதல் ரீலை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன்.