கெத்சியாள் போட்ட பிடியரிசி

கோழி தண்ணி குடிக்கிறப்போ ஒவ்வொரு வாய்க்கும் தலையைத் தூக்கி மேல பாக்குதில்லையா, அது ஆண்டவருக்கு நன்றி சொல்லுதுன்னு சண்டே ஸ்கூல்ல உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. மகா பெரிய தப்பு அது. இன்னைக்கே திருத்தியாகணும், நாளைக்குன்னு தள்ளிப்போடுற விஷயம் இல்ல. கோழிக்குத் தண்ணியை உறிஞ்சத் தெரியாது. அலகுல அள்ளும், தலையைத் தூக்கும், தண்ணி தானா தொண்டைக்குள்ள இறங்கும். தூக்கலைன்னா சிந்திரும். அவ்வளவுதான் விஷயம். புறாவைப் பாரு. குனிஞ்சது குனிஞ்சபடியே உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்கும், ஒரு தடவைகூட மேல பாக்காது. அதுக்காகப் புறா நன்றி கெட்டதுன்னு யாராவது சொல்றாங்களா? பரிசுத்த ஆவியையே புறாவாத்தான் வரைஞ்சு கோயில் சுவத்துல மாட்டியிருக்காங்க. ஆக, மேல பாக்குறதெல்லாம் நன்றி ஆயிராது. புரிஞ்சுதா?

"ம்."

சரி. அந்தப் பக்கம் திரும்பிப் படு. போர்வையைக் காலுக்கு அடியில சொருகிக்கோ.

ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தா. பேரு கெத்சியாள். ஊரு பேரு களிகூர்புரம். அந்தப் பேரை வச்ச வெள்ளைக்கார ஐயர், அதான் பாதிரியார், குதிரையை விட்டு இறங்காமலே பேரை வச்சுட்டுப் போயிட்டாராம். இறங்கியிருந்தா வேற பேரு வச்சிருப்பார். சுத்திலும் செம்மண்ணு. செம்மண்ணுல பனை. பனைக்கு நடுவுல ஒரு கோயில், கோயிலுக்குப் பின்னால கொஞ்சம் வீடு. கெத்சியாளோட புருஷன் தாவீதுமுத்து பனையேறுவான். அவங்களுக்கு ஒரே பிள்ளை, பிரிசில்னு ஒரு பொண்ணு. உன் வயசு இருக்கும். வாய் மட்டும் உன்னைவிடக் கொஞ்சம் நீளம்.

"ம்."

அந்த ஊர்ப் பொம்பளைங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உலையில அரிசி போடறதுக்கு முன்னால, அளக்கறதுக்கும் முன்னால, ஒரு பிடி அள்ளி அடுப்படி மூலையில இருக்கற மண்கலயத்துல போடணும். மிஞ்சினதுல இருந்து போடக்கூடாது, முதல் பிடியாத்தான் இருக்கணும். போடும்போது, "இன்னைக்கும் உலை வைக்கக் கிருபை செஞ்சீரே, ஸ்தோத்திரம்"னு சொல்லணும். அதுதான் பிடியரிசி. ஞாயித்துக்கிழமை அந்தக் கலயத்தைக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போய் அங்க இருக்கற சாக்குல கொட்டிருவாங்க.

கெத்சியாளும் போடுவா. சரக்! அவ்வளவுதான். மூச்சு விடற மாதிரி, யோசிக்காம போடுவா. தாவீதுமுத்து பாத்துட்டுச் சிரிப்பான்.

"ஏட்டி, உன் கை குருவிக் கை. ஆண்டவருக்கு ரொம்ப நஷ்டம்."

"அப்ப உங்க கையால போடுங்க. நமக்கு நஷ்டம்."

அப்படி இருந்தாங்க. அப்புறம் மழை நின்னு போச்சு. ஒரு நாள் கெத்சியாள் கிணத்துல வாளியை விட்டா. தொபுக்! இழுத்தா. ஒரு வாய் குடிச்சா. த்தூ! உப்பு. கத்திரி வாடுச்சு, முருங்கை மொட்டையாச்சு, ஆடு அந்தத் தண்ணியை மோந்துட்டு அவ முகத்தைப் பாத்துச்சு.

அப்போ ஆறுதல் சொல்ல உபதேசியார் வந்தார். அந்தச் சின்ன ஊருக்கு ஐயர் கிடையாது. ஜெபம், பிரசங்கம், ஆறுதல் எல்லாத்துக்கும் அவர்தான். நல்ல மனுஷன். மழையே இல்லாத ஊர்ல குடையோட திரிஞ்ச ஒரே ஆள். கேட்டா அதுதான் விசுவாசம்பார். உப்புத் தண்ணியை விரல்ல தொட்டு நாக்குல வச்சுப் பாத்துட்டுச் சொன்னார்:

"கிணறு போனா என்னளா? வீடு இருக்குல்லா? வீட்டை நினைச்சு ஸ்தோத்திரம் சொல்லு."

கெத்சியாள் சொன்னா. சொல்லிட்டு அடுப்படிக்குப் போய், நம்ம பிடி நிஜமாவே சின்னதாத்தான் இருந்துருக்கு போலன்னு நினைச்சா. அன்னையிலிருந்து ரெண்டு பிடி போட்டா. சரக், சரக்.

"ம்."

அப்புறம் காத்து வந்துச்சு. ஊஊஊன்னு வந்துச்சு. ஓலை எல்லாம் படபடபடன்னு அடிச்சுக்கிச்சு. சர்ர்ர்... கூரை மொத்தமாக் கிளம்பிப் பனைக்கு மேல பறந்து போச்சு. பின்னாலயே மழை. வேணும்னு கேட்டப்போ வராத மழை அன்னைக்கு வந்து மண்சுவரை நக்கி நக்கிக் கரைச்சுட்டுப் போச்சு. உபதேசியாரோட குடைகூடக் குப்புறத் திரும்பிக்கிச்சு. அதைக் கையில பிடிச்சுக்கிட்டே வந்து நின்னார்.

"வீடு போனா என்னளா? புருஷன் கல்லாட்டம் இருக்கான்லா? அவனை நினைச்சு ஸ்தோத்திரம் சொல்லு."

கெத்சியாள் கணக்குப் போட்டுப் பாத்தா. போன தடவை இவர் வீடுன்னு சொன்னார், வீடு போச்சு. இப்போ புருஷன்னு சொல்றார். ஆனாலும் சொன்னா, ஸ்தோத்திரம். நாலு ஓலையைச் சாச்சுக் கட்டி, அதுக்கடியில அடுப்பைப் பத்தவச்சு, மூணு பிடி போட்டா. சரக், சரக், சரக்.

தாவீதுமுத்து கலயத்தை எட்டிப் பாத்தான். "ஏட்டி, இது பிடியரிசியா, படியரிசியா?"

"சும்மா இருங்க. நாளைக்கு மரத்துல பாத்து ஏறுங்க."

"நான் என்னைக்குப் பாக்காம ஏறினேன்?"

பாத்துத்தான் ஏறினான். பாவம், மரம்தான் மழையில ஊறிக் கிடந்துச்சு. சடசடசட... தொப்.

"விழுந்துட்டானா?"

ஆமா. செத்துப் போயிட்டான்.

அடக்கம் முடிஞ்சு எல்லாரும் அந்த நாலு ஓலைக்கு வெளிய உக்காந்திருந்தாங்க. உபதேசியாரும் அழுதார். அழுதுட்டு மூக்கைத் துடைச்சுட்டு மெல்ல வாயைத் திறந்தார். கெத்சியாள் பாஞ்சு வந்து அவர் வாய்க்கு நேரா கையை நீட்டினா.

"உபதேசியாரே, வேண்டாம். உங்க கால்ல விழுறேன். சொல்லாதீங்க."

அவர் வாயை மூடிக்கிட்டார். ஆனா பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம் சும்மா இருப்பாளா? மாதர் சங்கத்துக்கே அவதான் தலைவி. கெத்சியாள் தலையைத் தடவிக்கிட்டே சொல்லிட்டா.

"அழாதளா. பிள்ளை இருக்கால்லா? பிள்ளையை நினைச்சு ஸ்தோத்திரம் சொல்லு."

"ம்... அப்புறம்?"

அப்புறம் கெத்சியாள் அழவே இல்ல. புருஷன் செத்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. அழறதுக்கு நேரம் இல்ல. ஆண்டவர் எடுக்கிற வரிசை அவளுக்குத் தெரிஞ்சு போச்சே. கிணறு, வீடு, புருஷன். அடுத்தது யாருன்னு தங்கபுஷ்பம் சொல்லியாச்சு. அந்தக் கையை எப்படித் தடுக்கிறது? வேற ஒன்னும் தெரியாது அவளுக்கு. கலயத்துல போட்டா. நாலு பிடி, அஞ்சு பிடி, அள்ளி அள்ளிப் போட்டா. அரிசி என்ன ஊத்தாட்டமா ஊறும்? கலயத்துல ஏற ஏற உலையில குறைஞ்சுச்சு. சோறு கஞ்சியாச்சு. கஞ்சி தெளிஞ்சு தண்ணியாச்சு. பிரிசில் அந்தத் தண்ணியைக் கலக்கிக் கலக்கிப் பாத்தா.

"எம்மா, நம்ம வீட்டுல கலயத்துக்கு மட்டும்தான் தினமும் வயிறு நிறையுது."

"பேசாத. அது உனக்காகத்தான்."

"எனக்குன்னா எனக்கே குடுத்துரலாம்லா?"

பளார்னு ஒன்னு விழுந்துச்சு. கெத்சியாள் அதுவரைக்கும் பிள்ளையை அடிச்சதே இல்ல. அடிச்ச கையை முந்தானைக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டா. மறுநாள் பானையை வழிச்சு, கடைசி அரிசி வரைக்கும் கலயத்துல தட்டிட்டா. அடுப்புல வெறும் தண்ணி களக் களக்னு கொதிச்சுச்சு. பிரிசில் ஒன்னும் கேக்கலை. "எனக்குப் பசிக்கலைம்மா"ன்னு சொல்லிட்டுச் சுருண்டு படுத்துட்டா. வாய் நீளமான பிள்ளை அப்படிச் சொன்னா என்ன அர்த்தம்?

"ம்... பசிக்குது."

அதான்.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. தலையில கலயம், இடுப்புல பிள்ளை. பிள்ளை கனமே இல்ல, கலயம்தான் கனத்துச்சு. கோயிலுக்குப் போய்ச் சாக்குல கொட்டினா. சொர்ர்ர்ர்ர்ர்... நிக்கவே இல்ல. எல்லாரும் பாட்டை நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தாங்க. கோயில்குட்டி, அதான் மணி அடிக்கிறவர், வந்து சாக்கு வாயை இறுக்கிக் கட்டினார். உபதேசியாருக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

"சபையாரே, பாருங்க! கிணறு இல்ல, வீடு இல்ல, புருஷன் இல்ல. ஆனாலும் இந்தக் காணிக்கையைப் பாருங்க! இதுதான் நன்றியுள்ள இருதயம். கெத்சியா, எந்திரிச்சு ஆண்டவர் செஞ்ச நன்மைக்கு ஒரு சாட்சி சொல்லும்மா."

கெத்சியாள் எந்திரிச்சா. அவ மேல சாஞ்சிருந்த பிரிசில் பிடிமானம் இல்லாம அப்படியே பாயில சரிஞ்சா. சத்தமே வரலை. ஒரு துணி விழுந்த மாதிரி விழுந்தா. கெத்சியாள் பிள்ளையைப் பாத்தா. சாக்கைப் பாத்தா. திரும்பப் பிள்ளையைப் பாத்தா.

"உபதேசியாரே, என்கிட்ட நன்றி இல்ல."

பாயில பிள்ளையை நேராப் படுக்க வச்சுட்டு நிமிர்ந்தா.

"அந்தக் காலத்துல போட்டேனே ஒரு பிடி, அது நன்றி. அதுக்கு மேல போட்டதெல்லாம் பயம். நீங்க கையைக் காட்டிச் சொன்னது ஒவ்வொன்னாப் போச்சு. பிள்ளையை விட்டுரும்னு கெஞ்சி ஆண்டவர் வாயில அரிசியைத் திணிச்சேன். அவர் என்ன, சோறு போட்டா சும்மா போற நாயா? அப்படி ஒருத்தருக்கா நான் இத்தனை நாளா ஸ்தோத்திரம் சொன்னேன்? நானே என் பிள்ளையைக் கொன்னுட்டு இருக்கேன், நீங்க என்னைச் சாட்சி சொல்லச் சொல்றீங்க."

நேரா நடந்து சாக்குகிட்ட போனா. கயித்து முடிச்சு அவிழலை. குனிஞ்சு பல்லால கடிச்சு இழுத்தா. தங்கபுஷ்பம் பதறிப் போய்க் கத்தினா.

"ஏளா! காணிக்கையில கை வைக்கா பாருங்க! அது ஆண்டவருக்குக் குடுத்ததுளா!"

"என் பிள்ளைக்கு ஒரு பிடி எடுக்கேன். ஆண்டவருக்கு வேணும்னா வந்து என்கிட்ட கேக்கட்டும். நான் அவர்கிட்ட பேசிக்கிடுதேன்."

முடிச்சு அவிழ்ந்துச்சு. குருவிக் கையை விட்டு ஒரே ஒரு பிடி அள்ளினா. உபதேசியார் கையைத் தூக்கினார், வாயைத் திறந்தார். இன்னும் எதைக் காட்டி ஸ்தோத்திரம் சொல்லச் சொல்றதுன்னு அந்தக் கோயிலைச் சுத்தி ஒரு தடவை பாத்தார். அப்புறம் கையைக் கீழ இறக்கி, வழியை விட்டுத் தள்ளி நின்னார்.

"ம்..."

பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அந்த நாலு ஓலைக்கடிக்கு வந்து அடுப்பை மூட்டினா. உலை கொதிச்சதும் பழக்கதோஷத்துல கை தானா கலயத்துப் பக்கம் போச்சு. நின்னுடுச்சு. ஒரு பிடியில இருந்து எப்படி ஒரு பிடி எடுக்கிறது? அத்தனையும் உலையில போட்டா. குழையக் குழையக் கஞ்சி வச்சு, பிள்ளையைத் தூக்கி மடியில சாச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஊட்டினா. முதல்ல கடைவாய் வழியா வழிஞ்சுச்சு. அப்புறம் ஒரு மடக்கு. அப்புறம் மடக் மடக்னு இறங்குச்சு. பிரிசிலுக்கு மூக்கு நுனியில வேர்த்துச்சு. நாக்கால உதட்டை நக்கிட்டுக் கண்ணைத் திறந்தா.

"எம்மா... உப்பு கூடிப்போச்சு."

கெத்சியாள் சட்டியைக் கீழ வச்சா. உள்ளங்கையைப் பாத்தா. வேர்வையில ஒரே ஒரு அரிசி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, வேகாத பச்சரிசி. அதை எடுத்துக் கலயத்துல போட்டா. டிக். அவ்வளவு சின்னச் சத்தம்.

"ஸ்தோத்திரம்"னு சொன்னா. அதோட நிறுத்திக்கிட்டா. ஒன்னும் கேக்கலை. இதைக் குடு, அதை எடுக்காதன்னு எதுவும் சொல்லலை. நாளைக்குப் பிள்ளைக்கு என்ன ஆகும்னு அவளுக்குத் தெரியாது. கலயத்துக்கும் தெரியாது. பிள்ளை இப்போ குடிச்சாளே, அதுக்கு மட்டும் சொன்னா.

சொன்ன உடனேதான் அழுகை வந்துச்சு. தாவீதுமுத்துக்காக அன்னைக்குத்தான் அழுதா. மண்ணுல புரண்டு, தலையில அடிச்சுக்கிட்டு, பொழுது சாயற வரைக்கும் அழுதா. பிரிசில் அவ பக்கத்துல உக்காந்து சட்டிக்கு அடியில ஒட்டியிருந்ததை விரலால வழிச்சுத் தின்னுக்கிட்டே இருந்தா. செத்தவன் திரும்பி வரலை. கூரை வரலை. கிணறு உப்பாவே கிடந்துச்சு.

கதையும் படுத்தாச்சு, நீயும் படு. கண்ணை மூடு.

"ம்... அந்தச் சாக்கு?"

சாக்கா? அதுக்கப்புறம் அதோட வாயை யாரும் கட்டலை. தூங்கு.