நாலு நிமிஷ ராஜா

பாளையங்கோட்டையில் தேவசகாயம் என்றொரு பேராசிரியர். ஓய்வு பெற்ற பிறகும் அதிகாரம் ஓயாதவர். வீட்டுக் கம்ப்யூட்டருக்காகக் கடையிலிருந்து, படங்களை டிவிடியில் பதியும் ரைட்டர்கள் இரண்டை, பிடிக்காததைத் திருப்பித் தருவதாகச் சொல்லி எடுத்துவந்து, மூன்று வாரமாக ஒப்பிட்டுப் பார்த்தார். கடைசியில், "இதுதான் ராஜா! நாலே நிமிஷத்துல எழுதிடும். மத்தது ஆமை" என்று தீர்ப்புச் சொன்னார்.

சமையல் செய்யும் பேச்சியம்மாள் சும்மா இருந்திருக்கலாம். "எழுதினத வேற வீட்டுல போட்டுப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டுவிட்டாள்.

பேராசிரியருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "புளி கரைக்கிறவ எனக்குப் பாடம் எடுக்கியா? மத்தியானத்துக்குள்ள ஆமைதான் உசத்தின்னு நிரூபி. முடியலன்னா நாளைக்கு வேலைக்கு வராத!"

அந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு கதியில்லை. இருந்தாலும் பின்வாங்கவில்லை. "ரெண்டுலயும் உங்க மக கல்யாண போட்டோவ எழுதிக் குடுங்க சார், போதும்" என்றாள்.

எழுதிய இரண்டு டிவிடிகளோடும் பேராசிரியரோடும் அதே தெருவில் மூன்று வீடு ஏறி இறங்கினாள். ஆமை எழுதியது மூன்று வீட்டிலும் திறந்தது. ராஜா எழுதியது ஒரு வீட்டிலும் திறக்கவில்லை.

"எங்க வீட்டுல தொறக்குதே! நாலே நிமிஷத்துல எழுதிச்சே!" என்று தெருவே கேட்கக் கத்தினார் பேராசிரியர்.

"நம்ம தெரு டாக்டரும் வேகமாத்தான் மருந்துச் சீட்டு எழுதுவாரு சார். அதப் படிக்கவும் அவருதான் வரணும்" என்றாள் பேச்சியம்மாள்.

அவளை வேலையை விட்டு நிறுத்தும் பேச்சை அவர் பிறகு எடுக்கவேயில்லை. சாயங்காலம் ராஜாவைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனார். கடைக்காரர் பணிவாகக் கேட்டார்: "ஏன் சார், வேகம் பத்தலையா?"