சொக்கன் ஆமை பேசிய பேச்சு

மருதங்குளத்து ஆமைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் யாராவது பேசும்போது மனசு உருகினால், தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். யார் பேச்சுக்கு அதிகத் தலைகள் உள்ளே போகின்றனவோ, அவர் சொன்னதுதான் முடிவு.

சொக்கன் ஆமை பேசினால் ஒரு தலைகூட வெளியே இருக்காது. அப்படி ஒரு நாக்கு அவனுக்கு.

அந்தக் கோடையில் குளம் வற்றிவிட்டது. வளை தோண்டும் நண்டு ஒன்று கூட்டத்துக்கு வந்தது. "எட்டுச் சாண் தோண்டிட்டேன். ஈரமே இல்லை. இங்கே புதைஞ்சு மழைக்குக் காத்திருந்தா செத்துடுவீங்க. வடக்கே ஏரியில தண்ணி இருக்கு. மூணு நாள் நடை" என்றது. அவ்வளவுதான். ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

ஒரு தலையும் உள்ளே போகவில்லை. ஆனாலும் இரண்டு மூன்று ஆமைகள், "நண்டு சொல்றது சரிதானோ?" என்று முணுமுணுத்தன. அதுதான் சொக்கனுக்குப் பொறுக்கவில்லை. தன் குளத்தில் இன்னொருத்தன் பேச்சு எடுபடுவதா? அதுவும் போயும் போயும் ஒரு நண்டா?

எழுந்தான். தொண்டையைச் செருமினான்.

"நம்ம அம்மா எங்கே புதைஞ்சு கிடந்தா? இந்தச் சேத்துல! நாம எங்கே கண்ணு முழிச்சோம்? இந்தக் கரையில! பக்கவாட்டுல நடக்கிறவனா நமக்கு வழி காட்டறது? தாய் மடி காய்ஞ்சுபோச்சுன்னு தாயை விட்டுட்டுப் போவோமா? சொல்லுங்க, போவோமா?"

முதலில் உள்ளே போன தலை அவன் தங்கை அல்லியுடையது. தேம்பித் தேம்பி அழுதாள் பாவம். அவனுக்கென்று இருந்த ஒரே சொந்தம் அவள்தான். பிறகு மற்ற தலைகளும் போயின.

எல்லாரும் அன்று மாலையே புதையத் தொடங்கினார்கள். பாராட்டு வாங்கிக்கொண்டிருந்த சொக்கன் கடைசியாகத்தான் தோண்டினான். ஒரு சாணில் புழுதி. நாலு சாணிலும் புழுதி.

விழுந்தடித்து ஓடினான். மற்றவர்கள் மண்ணை மூடிக்கொண்டுவிட்டார்கள். அல்லியின் கழுத்து மட்டும் வெளியே தெரிந்தது.

"அல்லி, வெளியே வா. நண்டு சொன்னது நிஜம். அடியில ஈரமே இல்லை."

"என்ன அண்ணே, குரலே ஒரு மாதிரி இருக்கு. பயந்துட்டியா?"

"பயம்தாம்மா. தோண்டிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்."

அல்லி சிரித்தாள். "தாய் மடி காய்ஞ்சுபோச்சுன்னு விட்டுட்டுப் போவோமா?" என்று அவனுடைய அதே ஏற்ற இறக்கத்தோடு சொன்னாள். "அதைக் கேட்டப்ப உடம்பே சிலிர்த்துச்சு அண்ணே. இப்ப நீ பேசறது நண்டு பேசற மாதிரி இருக்கு. போய்ப் படு."

தலையை இழுத்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்கிவிட்டாள். அவன் தோண்டத் தோண்ட அவளும் கீழே கீழே போனாள். இரண்டு நாள் மேலே நின்று கூப்பிட்டான். அன்றைக்கு வரிசைகட்டி வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இப்போது வரவில்லை. "வாம்மா, வாம்மா" என்றுதான் வந்தது. தொண்டை வறண்டு சாகப்போன நேரத்தில் நண்டு வந்து நின்றது. அது பக்கவாட்டில் நடந்தே வடக்கு ஏரிக்கு வழி காட்டியது.

மழை பெய்ததும் சொக்கன் திரும்பி வந்தான். குளம் நிறைந்திருந்தது. கரையெங்கும் வெற்று ஓடுகள் ஒதுங்கிக் கிடந்தன. ஓரத்தில் சின்னதாக உடைந்த ஓடு அல்லியுடையது. அதன் பக்கத்தில் உட்கார்ந்தான். தன் தலையை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டான்.

சொல்வது உண்மைதானா என்று பார்க்காமல் கேட்பவரை உருகவைப்பவனின் பேச்சு, அவனை அதிகம் நம்பியவரையே முதலில் கொன்றுவிடும்.